எச்சில் பட்ட சுரம்: ராஜரத்தினத்தின் வாழ்வும் அது எட்டாத தெருவும்

தமிழ்நாட்டுப் பெருங்கோயில்களில் சாமி புறப்பாடு நாகசுரம் இல்லாமல் நடப்பதில்லை. திருமணத்தில் தாலி ஏறும் வேளையில் கெட்டிமேளம் முழங்க வேண்டும். அதனால்தான் அதற்கு மங்கல இசை என்று பெயர். ஆனால் அந்த மங்கலத்தை ஊதிப் பிறப்பித்த வாயைச் சாதிச் சமூகம் மங்கலமாகக் கருதியதில்லை. சீவாளியை எச்சிலால் நனைக்காமல் நாகசுரத்தில் ஒரு சுரமும் பிறக்காது. எச்சிலைத் தீட்டென்று விதித்த சமூகம், எச்சிலில் பிறந்த ஒலியைக் கருவறையின் வாசல்வரை அழைத்துக்கொண்டது. ஊதியவரை மட்டும் எட்ட நிறுத்தியது.

இந்த முரண்பாட்டின் நடுவே பிறந்து, அதே வாயின் வித்தையைக் கொண்டே தனக்குரிய மரியாதையைப் பிடிவாதமாகப் பெற்றுக்கொண்டவர் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை. நாகசுரச் சக்கரவர்த்தி என்று தமிழுலகம் அவரைக் கொண்டாடியது, இன்றும் கொண்டாடுகிறது. அக்கொண்டாட்டத்தில் அவருடைய தோடி பேசப்படுகிறது. அவருடைய கோபமும் ஆடம்பரமும் வேடிக்கைக் கதைகளாகச் சொல்லப்படுகின்றன. அந்தக் கோபத்துக்கு ஒரு சமூகக் காரணம் இருந்தது என்பதும், அவர் பெற்ற மரியாதை காவிரிப் படுகையின் எந்தத் தெருவரை சென்று நின்றது என்பதும் பேசப்படுவதில்லை. சாதி ஒழிப்பை நோக்கமாகக் கொண்டோர் அவருடைய வாழ்வைப் படிக்கவேண்டிய இடம் அதுவே.

மடத்து நிலமும் மேளக்காரர் தெருவும்

ராஜரத்தினம் 1898 ஆகஸ்ட் 27 அன்று நாகப்பட்டினத்தை அடுத்த திருமருகலில் பிறந்தார். பெற்றோர் குப்புசாமிப் பிள்ளை, கோவிந்தம்மாள். பிறந்தபோது இட்ட பெயர் பாலசுப்பிரமணியன்; ராஜரத்தினம் என்பது பின்னர் வந்த பெயர். தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளை திருவாவடுதுறை ஆதீனத்தின் நாகசுர வித்துவான். அவர் மருமகனைத் தம் மகனாகத் தத்தெடுத்துக்கொண்டார். பெயருக்கு முன்னால் நிற்கும் இரண்டு எழுத்துகள் திருமருகலையும் நடேசரையும் குறிப்பவை.

அன்றைய தஞ்சை மாவட்டத்தில் இசை எங்கிருந்து சோறு தின்றது என்பதை முதலில் பார்க்கவேண்டும். காவிரியும் அதன் கிளைகளும் பாயும் நெல்வயல்களில் பெரும்பகுதி கோயில்கள், மடங்கள், மிராசுதார்கள் ஆகியோரின் உடைமை. திருவாவடுதுறை ஆதீனம் அத்தகைய பெரு நிலவுடைமை மடங்களுள் ஒன்று. கோயிலிலும் மடத்திலும் ஊழியம் செய்த நாகசுர, தவில் கலைஞர்களுக்கு மானியமும் நெல்லும் கிடைத்தன. அந்த நெல்லை உழுது, நட்டு, அறுத்துக் களம் சேர்த்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித் பண்ணையாட்கள். ஆகவே ஒரு ராக ஆலாபனை மூன்று மணி நேரம் விரிவதற்கான ஓய்வும் உணவும் சேரியின் உழைப்பிலிருந்துதான் வந்தன. இசை வரலாறுகள் புரவலர் என்று ஆதீனகர்த்தரையும் ஜமீன்தாரையும் குறிப்பிடுகின்றன, உழைத்தவரைக் குறிப்பிடுவதில்லை.

நாகசுரக் கலைஞர்கள் நிலவுடைமையாளரின் வரிசையிலும் இல்லை, பண்ணையாட்களின் வரிசையிலும் இல்லை. மேளக்காரர் என்ற பெயரால் அவர்கள் அழைக்கப்பட்டனர். நாகசுரக் குழு பெரிய மேளம் எனவும், கோயில் பெண்களின் ஆடல் சின்ன மேளம் எனவும் வழங்கப்பட்டன. தேவதாசி முறையின் இழிவு முழுவதும் இச்சமூகத்துப் பெண்கள்மீது சுமத்தப்பட்டது. அம்முறை சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இச்சமூகத்தார் இசை வேளாளர் என்ற பெயரைத் தமக்கு வரித்துக்கொண்டனர். பழைய பெயரில் ஒட்டியிருந்த இழிவை உதறும் முயற்சி அது. ஆனால் மரியாதைக்காகத் தேடிய சொல் நிலவுடைமைச் சாதியின் சொல்லாக இருந்தது என்பதையும் சேர்த்தே குறித்துக்கொள்ள வேண்டும். சாதிப் படிக்கட்டில் ஒரு படி ஏறுவது எளிதாகத் தோன்றும் காலங்களில், படிக்கட்டையே உடைப்பது பலரின் நினைவுக்கு வருவதில்லை.

நடேச பிள்ளை நீண்ட நாள் வாழவில்லை. சிறுவன் ராஜரத்தினம் வயலின் மேதை திருக்கோடிகாவல் கிருஷ்ண ஐயரிடம் வாய்ப்பாட்டுப் பயின்றார். நாகசுரத்தை அம்மாசத்திரம் கண்ணுசாமிப் பிள்ளையிடம் கற்றார். முதலில் பாட்டு, பின்னரே குழல் என்ற இந்த வரிசை முக்கியமானது. தொண்டையில் என்னென்ன அசைவுகள் எழுமோ அவை அனைத்தையும் குழலிலும் எழுப்பவேண்டும் என்ற பேராசை அவருக்குள் விழுந்தது இந்தப் பயிற்சியினால்தான்.

உதட்டின் அழுத்தம்

நாகசுரத்தின் உடல் ஆச்சா மரத்தில் கடையப்படுகிறது. கீழ்முனையில் அணசு விரிந்திருக்கும். மேல்முனையில் கெண்டை என்னும் உலோகக் குழாய். அதில் பொருந்துவது சீவாளி. ஆற்றங்கரைகளில் வளரும் நாணல் வகைத் தட்டையைப் பதப்படுத்தி, நறுக்கி, இரு இதழ்களாக மடித்து நூலால் கட்டினால் சீவாளி ஆகிறது. உதடுகளுக்கு இடையே அகப்படும் அந்தச் சிறு துண்டில்தான் இசை முழுவதும் தொடங்குகிறது.

குழலில் விரல் பதியும் துளைகள் ஏழு. கருநாடக இசையின் சுரங்களோ ஏழில் அடங்குவதில்லை. ஒவ்வொன்றும் மற்றொன்றை நோக்கிச் சாயும், அசையும், வழுக்கும். அந்த அசைவே கமகம். ஆர்மோனியத்தைப் போல ஒரு கட்டைக்கு ஒரு சுரம் என்ற ஏற்பாடு நாகசுரத்தில் இல்லை. விரலால் துளையைப் பாதி மூடியும், சீவாளியை உதட்டால் இறுக்கியும் தளர்த்தியும், மூச்சின் விசையைக் கூட்டியும் குறைத்தும் ஒரே துளையிலிருந்து பல சுர நிலைகளை எழுப்ப வேண்டும். உதடு இறுகினால் சுரம் ஏறும்; தளர்ந்தால் இறங்கும். மயிரிழை தவறினால் அபசுரம். நாக்கால் சீவாளியைத் தட்டிச் சுரங்களைப் பிரித்துக் காட்டுவது துத்துகாரம். நாக்கின் தட்டல் இன்றி மூச்சின் ஒழுக்கில் வாசிப்பது அகாரம். இவ்விரண்டையும் கலந்து வாசிப்பதில் ஒவ்வொரு பரம்பரைக்கும் ஒரு வழி உண்டு. இந்த வித்தை உதட்டிலும் நாக்கிலும் பல்லிலும் மூச்சிலும் இருப்பதால் ஏட்டில் எழுதிவைக்க முடியாது. குருவின் அருகில் ஆண்டுக்கணக்கில் ஊதி ஊதியே உடலில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

ராஜரத்தினத்தின் பெயரோடு பிரிக்க முடியாமல் சேர்ந்துவிட்ட தோடி ராகம் இந்த வித்தைக்கு வைக்கப்படும் கடுஞ்சோதனை. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது. ரிஷபத்தின் பக்கத்திலிருந்து மத்திமத்தைத் தொடும்வரை அலைந்துகொண்டே இருக்கும். நிற்காத ஒரு சுரத்தைத் துளையிட்ட மரத்தில் பிடிப்பதற்கு உதடு ஒன்றே வழி. அவருடைய தோடியைக் கேட்டவர்கள், குழல் பாடுகிறதா வாசிக்கிறதா என்று பிரித்தறிய முடியாமல் திகைத்தனர். நீண்ட கார்வையில் தொடங்கி, மின்னல் வேகப் பிருகாக்களாகச் சிதறி, மறுபடியும் ஒரே மூச்சில் கூடும் அந்த ஆலாபனை வாய்ப்பாட்டுக் கலைஞர்களுக்கும் பாடமானது. அதுவரை குரலைப் பின்தொடர்ந்த குழலை, குரல் பின்தொடரத் தொடங்கியது.

ஏறக்குறைய அதே காலத்தில், கடலுக்கு அப்பால் இதற்கு இணையான ஒன்று நடந்தது. ஜெர்மனியில் மலிவாகச் செய்யப்பட்ட பத்துத் துளை மவுத் ஆர்கன் அமெரிக்கக் கறுப்பின உழைப்பாளிகளின் கைக்கு வந்து சேர்ந்தது. ஐரோப்பிய நாட்டுப் பாடல்களுக்கென அமைக்கப்பட்ட அக்கருவியில், அவர்களுடைய புளூஸ் இசைக்கு வேண்டிய தாழ்ந்த சுரங்கள் இல்லை. மூச்சை உள்ளிழுக்கும்போதே நாக்கின் நிலையையும் வாயின் உட்குழிவையும் மாற்றி, உலோகத் தகட்டின் சுரத்தைக் கீழ்நோக்கி வளைத்து, கருவியில் இல்லாததை அவர்கள் வாயால் உண்டாக்கினர். லூசியானாவில் பிறந்து சிகாகோவில் புகழ்பெற்ற லிட்டில் வால்டர் (1930-1968) அக்கலையின் உச்சம். இரண்டு இசைகளும் வேறு. இரண்டு ஒடுக்குமுறைகளும் வேறு. ஆயினும் இழிவாகக் கருதப்பட்ட மனிதர்களின் வாய், கையில் கிடைத்த கருவியின் எல்லையை ஏற்க மறுத்தது என்பது இரண்டு இடங்களிலும் உண்மை.

துண்டும் சட்டையும்

நாகசுரக் கலைஞர் எப்படி நிற்கவேண்டும் என்பதற்கு எழுதப்படாத சட்டங்கள் இருந்தன. மேலாடை அணியக் கூடாது. துண்டு தோளில் கிடக்கக் கூடாது, இடுப்பில் கட்டவேண்டும். வாய்ப்பாட்டு வித்துவான் ஜமக்காளத்தில் அமர்ந்து பாடுவார். நாகசுரக்காரர் நின்றுகொண்டோ, ஊர்வலத்தில் நடந்துகொண்டோ மணிக்கணக்கில் ஊதுவார். திருமண வீட்டில் அவருக்கான இடம் வாசல் திண்ணை. மிகுந்த மூச்சைக் கேட்கும் கருவியை வாசிப்பவருக்கு உட்காரும் உரிமை இல்லை.

சுயமரியாதை இயக்கம் இச்சட்டங்களைத் தெருவில் வைத்தே எதிர்த்தது. செட்டிநாட்டில் கானாடுகாத்தான் திருமண ஊர்வலமொன்றில் மதுரை சிவக்கொழுந்து தோளில் துண்டு போட்டபடி நாகசுரம் வாசித்தார். அங்கிருந்த செல்வர்கள் துண்டை எடுக்கச் சொன்னார்கள். இயக்கப் பேச்சாளர் பட்டுக்கோட்டை அழகிரிசாமி குறுக்கிட்டு, எடுக்காமல் வாசிக்கச் செய்தார். ஒரு முழத் துணி ஒரு போராட்டமாக வேண்டியிருந்த காலம் அது. திருமருகலைப் போலவே இன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் உள்ள திருக்குவளையில், நாகசுரக் கலைஞர் முத்துவேலரின் மகனாக 1924இல் பிறந்த மு. கருணாநிதி, இசை கற்கச் சென்ற இடத்தில் மேலாடை அணிய முடியாத இழிவைக் கண்டு அப்பயிற்சியையே விட்டு விலகினார். அந்த விலகல் அவரை அரசியலுக்குக் கொண்டுசென்றது.

ராஜரத்தினம் விலகவில்லை. கருவியைக் கையில் வைத்துக்கொண்டே விதிகளை மீறினார். குடுமியை எடுத்துக் கிராப்பு வைத்துக்கொண்டார். ஜிப்பாவும் ஷெர்வானியும் கோட்டும் அணிந்து மேடை ஏறினார். வாய்ப்பாட்டுக் கலைஞருக்கு இடப்படும் மேடை தனக்கும் இடப்படவேண்டும் என்றார், அமர்ந்து வாசித்தார். விலையுயர்ந்த உடையும் நகையும் காரும் அவருக்கு வெறும் ஆசைகள் என்று பலர் எழுதினார்கள். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கவைக்கப்பட்ட ஒரு கூட்டத்திலிருந்து வந்தவர் பட்டாடையோடு மேடையில் அமர்வது வெறும் ஆசையாக இருக்க முடியாது. அம்பேத்கர் கோட்டும் சூட்டும் அணிந்ததன் பொருளை அறிந்த வாசகருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அவர் கச்சேரிக்குத் தாமதமாக வருவார், குடிப்பார், பணத்தை வாரி இறைப்பார், யாரையும் தூக்கியெறிந்து பேசுவார் என்ற கதைகளும் உண்டு. அவற்றை மறைக்கவேண்டியதில்லை, புனிதராக்கவும் வேண்டியதில்லை. ஆனால் அதே குணங்கள் ஒரு ஜமீன்தாரிடம் இருந்தால் பெருந்தன்மை என்றும், ஒரு மேளக்காரரிடம் இருந்தால் திமிர் என்றும் பெயர் பெற்றன என்பதையும் மறக்கலாகாது.

நரசிங்கம்பேட்டையின் பட்டறை

மரியாதைக்கான அவருடைய முயற்சி உடையோடு நிற்கவில்லை, கருவிக்குள்ளும் சென்றது. அதுவரை பெரும்பாலும் வழக்கிலிருந்தது திமிரி என்னும் குட்டையான, சுருதி மிக உயர்ந்த நாகசுரம். திறந்த வெளியில் தொலைதூரம் கேட்பதற்கு அது ஏற்றது. அரங்கில் அமர்ந்து நுணுக்கமாகக் கேட்பதற்கு ஏற்றதன்று. மேலும் பழைய அமைப்பில் சுத்த மத்திமம் இயல்பாக எழாது. பிரதி மத்திமமே எழும். தோடிக்கு வேண்டியதோ சுத்த மத்திமம். ஒவ்வொரு முறையும் உதட்டாலும் விரலாலும் அதைச் சரிக்கட்டவேண்டும்.

திருவாவடுதுறைக்கு அருகில் உள்ள நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் செய்துவந்த ரங்கநாதன் ஆசாரி, ராஜரத்தினத்தோடு கலந்து, குழலின் நீளத்தையும் துளைகளின் இடத்தையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தார். சுத்த மத்திமம் இயல்பாகவே பேசும், சுருதி தாழ்ந்த, நீண்ட பாரி நாகசுரம் அப்பட்டறையில் உருவானது. ஒத்து என்னும் துணைக்குழலுக்குப் பதிலாகத் தம்பூராவின் சுருதியை வைத்தும் ராஜரத்தினம் வாசித்தார். தெருவில் நின்ற கருவி அரங்கில் அமர்ந்தது. நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வித்துவானின் வாயும் தச்சரின் உளியும் சேர்ந்து பெற்ற சிறப்பு அது.

அவருடன் வாசித்த தவில் மேதைகளில் தலையாயவர் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அந்த ஊரின் பெயர் தவிலால் மட்டும் அறியப்பட்டதன்று.

மரியாதை நின்ற இடம்

1937 டிசம்பரில் நீடாமங்கலத்தில் தென்தஞ்சை மாவட்டக் காங்கிரஸ் மாநாடு நடந்தது. அங்கே பொதுப் பந்தியில் அமர்ந்து உண்டதற்காகத் தலித் தொழிலாளர்கள் அடிக்கப்பட்டார்கள், அவர்களுடைய தலை மொட்டையடிக்கப்பட்டது, சாணிப்பால் புகட்டப்பட்டது. சுயமரியாதை இயக்கம் அக்கொடுமையை வெளியுலகுக்குக் கொண்டுவந்தது. ராஜரத்தினத்தின் புகழ் வளர்ந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. அதே படுகையில், அதே பத்தாண்டில், ஒரு வாய்க்கு மேடை கிடைத்தது. மற்றொரு வாய்க்குச் சாணிப்பால் கிடைத்தது. இரண்டையும் ஒரே சாதி முறைதான் பங்கிட்டது. பந்தி, குவளை, கிணறு, எச்சில் என்று தீண்டாமை எப்போதும் வாயைச் சுற்றியே காவல் வைத்தது. நாகசுரக்காரரின் வாய்க்கு அது தூரம் விதித்தது. பண்ணையாளின் வாய்க்குச் சவுக்கையும் சேர்த்து விதித்தது.

கோயிலுக்குள் மேளம் நுழைந்தது. தலித் மக்கள் நுழைய முடியவில்லை. மதுரை மீனாட்சியம்மன் கோயில் நுழைவு 1939 ஜூலையில் நிகழ்ந்தது. சென்னை மாகாணம் முழுமைக்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் 1947இல் வந்தது. ராஜரத்தினத்தின் வாசிப்பு உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் பெரும்பகுதி, அவரைக் கோயில் மண்டபத்தில் அமர்ந்து கேட்கும் உரிமை படுகையின் உழைக்கும் மக்களுக்கு இல்லை. மல்லாரி முழங்கச் சாமி புறப்பட்டது; ஊர்வலம் சேரிக்குள் திரும்பவில்லை.

தோலின் கதையும் இதிலிருந்து வேறன்று. தவிலும் மிருதங்கமும் தோலின்றி இல்லை. மாட்டை உரித்து, தோலைப் பதமிட்டு, வார் இழுத்துக் கருவியைச் செய்யும் வேலை தலித் மக்கள்மீது விழுந்தது. தஞ்சையின் தலித் கிறித்தவ மிருதங்கம் செய்யும் கலைஞர்களான செபஸ்தியன் குடும்பத்தாரும், பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து தந்த பர்லாந்தும் இல்லையேல் இருபதாம் நூற்றாண்டின் மிருதங்க நாதம் வேறாக இருந்திருக்கும். டி.எம். கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட செபஸ்தியன் அண்ட் சன்ஸ் என்னும் நூல்தான் இம்மனிதர்களை விரிவாகப் பொது வாசிப்புக்குக் கொண்டுவந்தது. தாங்கள் செய்த மிருதங்கம் ஏறிய மேடையில் அவர்களுக்கு இடம் இருக்கவில்லை. தலித் மக்கள் தாங்களே வாசித்த பறையோ சாவுக்குரியது என்று ஒதுக்கப்பட்டது. அதே தோல், அதே கை. தவிலில் மங்கலம், பறையில் அமங்கலம். ஒலியில் இந்த வேறுபாடு இல்லை. வாசிப்பவரின் தெருவில் இருக்கிறது.

இந்த அமைப்பை ராஜரத்தினம் படைக்கவில்லை. தனியொருவராக அவர் அதை உடைத்திருக்கவும் முடியாது. அவர் கேட்டது தனக்கும் தன் கலைக்குமான மரியாதை. அது நியாயமானது, கிடைத்தது. ஆனால் மேதைமைக்குப் பரிசாகத் தரப்படும் மரியாதை மேதைகளோடு நின்றுவிடுகிறது. மேதையல்லாத நாகசுரக்காரர் அவருக்குப் பின்னும் திண்ணையில்தான் உட்கார்ந்தார். சிறப்பாகச் செய்துகாட்டினால் மனிதனாக ஏற்றுக்கொள்வோம் என்பது சாதி வைக்கும் தேர்வு. மனித மதிப்புக்குத் தேர்வு கிடையாது என்பதே அம்பேத்கரியம்.

சுவரைத் தாண்டிய ஒலி

ஆயினும் நாகசுரத்துக்கு ஓர் இயல்பு உண்டு. அதன் ஒலியை மதிலுக்குள் அடைத்துவைக்க முடியாது. கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் காதுக்கும் அது சென்றது. நடவு வயல் வரை, சேரி வரை, இரவுக் காற்றில் அது சென்றது. பின்னர் இசைத்தட்டு வந்தது. ராஜரத்தினத்தின் தோடி தட்டில் பதிவாகித் தமிழர் வாழும் இடமெல்லாம் பரவியது. வானொலியும் ஒலிபெருக்கியும் அதைப் பெருக்கின. ஒலிபெருக்கி கேட்பவரின் சாதியைக் கேட்பதில்லை. 1940இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய கவி காளமேகம் படத்தில் ராஜரத்தினம் கதைத்தலைவராக நடித்துப் பாடினார். நாகசுரக்காரர் ஒருவர் திரையில் தலைமை வேடம் ஏற்றதே அன்று பெருஞ்செய்தி.

1947 ஆகஸ்ட் 14 அன்று, திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் செங்கோலுடன் டெல்லி சென்று நேருவைக் கண்ட குழுவில் ராஜரத்தினமும் இருந்தார். அங்கே நாகசுரம் ஒலித்தது. அண்மை ஆண்டுகளில் அந்தச் செங்கோலைப் பற்றி நாடே பேசியது. அதனுடன் சென்ற நாகசுரத்தைப் பற்றியும், அதை ஏந்தியவர் எந்தத் தெருவிலிருந்து சென்றார் என்பதைப் பற்றியும் பேசியோர் குறைவு. அரசதிகாரத்தின் சின்னத்துக்கு நினைவு நீளமானது. உழைத்த உதட்டுக்கு அந்த நினைவு வாய்ப்பதில்லை.

சென்னை மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதிப் பட்டியலில் ராஜரத்தினத்தின் பெயர் இல்லை. அவருடைய இசைக்கு அதனால் குறைவில்லை, பட்டியலுக்குத்தான் குறைவு.

1956 டிசம்பர் 12 அன்று சென்னையில் அவர் காலமானார். டெல்லியில் அம்பேத்கர் மறைந்து அப்போது ஆறு நாட்களே ஆகியிருந்தன. இருவருக்கும் நேர்த் தொடர்பு இல்லை. ஆனால் அந்த ஒரே வாரத்தில் தமிழ்நாட்டு நாளேடுகள் பதிப்பித்த இரண்டு மரணங்களில் ஒன்று, சாதி வகுத்த இடத்தில் நிற்க மறுத்த கலைஞருடையது. மற்றொன்று, சாதியே நிற்கக் கூடாது என்ற சிந்தனையாளருடையது. இவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவைத் தஞ்சைப் படுகை பின்னர் குருதியால் அளந்தது. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட தலித் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் கீழ்வெண்மணியில் உயிரோடு எரிக்கப்பட்டனர். ராஜரத்தினம் பிறந்த திருமருகலும் கீழ்வெண்மணியும் இன்று ஒரே மாவட்டத்து ஊர்கள்.

அவருக்குப் பின் வந்தவர்களில் அவருடைய கொடி ஏந்தியவர் திருநெல்வேலிச் சீமையின் காருகுறிச்சி அருணாசலம். ராஜரத்தினத்திடம் பயின்று, உடன் வாசித்து, 1962இல் வந்த கொஞ்சும் சலங்கை திரைப்படத்தின் வழியே தமிழ்நாடெங்கும் அறியப்பட்டார். மற்றொருவர் ஆந்திரத்தில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா. ராஜரத்தினத்தின் தோடியில் மனம் பறிகொடுத்து, தஞ்சைப் பாணியைத் தேடி வந்து நாச்சியார்கோவிலில் கற்று, திருவரங்கத்தில் குடியேறினார். 1998இல் சங்கீத கலாநிதி விருதும் பெற்றார். ஒரு குறிப்பிட்ட சாதியின் பிறப்புரிமை என்று சொல்லப்பட்ட வாய்ப்பழக்கம், வேறு மதத்தில் பிறந்த ஒருவரின் உதட்டில் முழுமையாக வந்து அமர்ந்தது. உதட்டின் இறுக்கமும் மூச்சின் அளவும் பயிற்சியால் வருபவை. பிறப்பால் வருபவை அல்ல. சாதித் தொழில் என்ற கருத்துக்கு எதிரான சான்று இதைவிட வேறு வேண்டியதில்லை.

தமிழ்நாட்டின் பல ஊர்களில் தலித் கலைஞர்களும் நாகசுரமும் தவிலும் வாசிக்கிறார்கள். ஊர்த்தெய்வத் திருவிழாவில் அவர்களுடைய மேளம் ஒலிக்கிறது. பெருங்கோயிலின் மேள வரிசையில் அவர்களில் எத்தனை பேர் நிற்கிறார்கள்? அறநிலையத் துறை நாகசுரத்துக்கும் தவிலுக்கும் பயிற்சிப் பள்ளிகள் நடத்துகிறது. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று வாதிட்டு வென்ற மாநிலம், அப்பள்ளிகளில் பயின்று வெளிவரும் தலித் மாணவர் தஞ்சைப் பெருங்கோயில்களில் ஆஸ்தான வித்துவானாக அமர்வதை உறுதிசெய்ய வேண்டும். கருவி செய்யும் கைகளுக்கு விருதுப் பட்டியலில் இடம் தரவேண்டும். ராஜரத்தினத்தின் பிறந்தநாளும் நினைவுநாளும் ஆண்டுதோறும் வருகின்றன. அந்நாட்களில் அவருடைய தோடி ஒலிபரப்பாகும்போது, அதைக் கேட்க அன்று மண்டபத்துக்குள் அனுமதிக்கப்படாதவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எந்த மேடையில் இருக்கிறார்கள் என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்கவேண்டும்.